ஒரு ஜன்னல், ஒரு ஆள்

ஸ்டுடியோவில் அவளை ஸ்கேல் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். முகத்துக்கு நேரே வெறும் "அக்கா". முதுகுக்குப் பின்னால் முழுப் பட்டம். எதிரில் யார் வந்து நின்றாலும் உச்சி முதல் உள்ளங்கால் வரை ஒரே பார்வையில் அளந்து, கோணல் எங்கே என்று கண்டுபிடித்து, மனதுக்குள் ஓரமாகக் குறித்து வைத்துக்கொள்கிற பழக்கம் அவளுக்கு உண்டு. கோணல் இல்லாத ஆளை அவள் இதுவரை பார்த்ததில்லை. பெண் பார்க்க வந்த மாப்பிள்ளைகளையும் அப்படித்தான் அளந்து அனுப்பினாள். பிறகு யாரும் வரவில்லை. கண்ணாடியில் தெரிகிற ஆளை மட்டும் அவள் அளந்தது கிடையாது.

அவள் வேலையும் அதற்கேற்ற மாதிரி அமைந்துவிட்டது. "தொலைகரை" என்று ஒரு விண்வெளிப் படவரிசை. தங்கள் கிரகம் எரிந்துபோன ஒரு கூட்டம் கப்பல் கப்பலாக ஏறிக்கொண்டு வேறு கிரகம் தேடி அலைகிற கதை. ஆறு படம் வந்தாயிற்று, கிரகம் கிடைத்தபாடில்லை. கிடைத்துவிட்டால் ஏழாவது படத்துக்கு யார் டிக்கெட் வாங்குவார்கள்? அந்தக் கப்பல்கள் படத்துக்குப் படம் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது அவள் பொறுப்பு. முதல் படத்தில் அடிவயிற்றில் இருந்த கதவு மூன்றாம் படத்தில் விலாவுக்கு ஏறிவிடக் கூடாது. நாடோடிகளின் கப்பலுக்கு இயந்திரம் மூன்று, நடுவில் இருப்பது சற்றுத் தாழ்ந்து தொங்கும். எதிரிகளின் கப்பலில் தேடினாலும் நேர்கோடு இருக்காது. இதெல்லாம் சின்ன விஷயம் என்று சொல்கிறவர்களைப் பார்த்தால் அவளுக்குச் சிரிப்பு வரும். அது நல்ல சிரிப்பு அல்ல.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி. ஒரு ஜன்னல், ஒரு ஆள். எந்தக் கப்பலானாலும் ஜன்னல் ஓர் ஆள் உயரம்தான். விண்வெளியில் மரம் கிடையாது, வீடு கிடையாது, பக்கத்தில் நிறுத்தி ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மாடு கூடக் கிடையாது. பார்க்கிறவன் கண்ணுக்கு ஜன்னலைத் தவிர வேறு பிடிமானம் இல்லை. ஜன்னல் பொடிப்பொடியாக ஏராளமாக இருந்தால் கப்பல் மலை. பெரிதாக நாலைந்து இருந்தால் கப்பல் படகு. புதிதாகச் சேர்கிறவர்களுக்கு இதை ஒரு தடவை பொறுமையாகச் சொல்வாள். இரண்டாம் தடவை கேட்கிறவனை அத்தோடு கழித்துக் கட்டிவிடுவாள்.

அவளுடைய பிரிவுக்கு ஒழுங்குப் பிரிவு என்று பெயர். பிரிவு என்றால் அவள், ஒரு மேஜை, ஒரு பெரிய மானிட்டர், ஆறு படத்துக் கப்பல்களின் சின்ன மாடல்கள் அடுக்கிய ஒரு கண்ணாடி அலமாரி. உடைந்த நாற்காலிகளைப் போட்டுவைக்கிற அறைக்கு அடுத்த அறை. அங்கேயும் அவள் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்திருந்தாள். பார்வைக்கு வருகிற கப்பல் படத்தில் செய்தவர் பெயர் இருக்கக் கூடாது. கணினியில் இருக்கிற பொதுப் பெட்டியில் பெயரில்லாமல் போட வேண்டும், பதிலும் அதே பெட்டிக்கு வரும். "பேரு தெரிஞ்சா கண்ணு கோணும்" என்பாள். பதில் இரண்டே வகை: "சரி", அல்லது "திருத்து". பாராட்டு, விளக்கம், வணக்கம் எதுவும் கிடையாது. அவளிடம் "சரி" வாங்கினவன் அன்று முழுவதும் மார்பை நிமிர்த்திக்கொண்டு திரிவான்.

வாங்காதவர்களில் முதல் ஆள் அவள் தம்பி.

அம்மாவும் அப்பாவும் போன பிறகு அவனைப் படிக்கவைத்து ஆளாக்கியவள் அவள்தான். அதை அவன் மறந்ததில்லை. மறக்க அவள் விட்டதும் இல்லை. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே நோட்டின் கடைசிப் பக்கத்தில் கப்பல் வரைந்து எடுத்துக்கொண்டு வந்து நிற்பான். அவள் வாங்கி ஸ்கேலை வைத்துப் பார்த்துவிட்டு, "ஜன்னல் எங்கடா? உள்ள இருக்கிறவன் மூச்சு முட்டிச் சாகணுமா?" என்று திருப்பிக் கொடுப்பாள். அவன் ஜன்னல் போட்டுக்கொண்டு வருவான். "இது ஜன்னலா, வாசலா?" மறுபடி வருவான். "இயந்திரம் ஏன் மேல ஏறிடுச்சு?" ஒருநாளும் அழுததில்லை, கோபித்ததும் இல்லை. அதுவே அவளுக்கு எரிச்சலாக இருக்கும். ரோஷம் இல்லாதவனிடம் கலை எங்கிருந்து வரும் என்று நினைத்துக்கொள்வாள்.

வளர்ந்து ஸ்டுடியோவுக்கு எதிர்த் தெருவில் இருந்த கிராபிக்ஸ் கம்பெனியில் சேர்ந்தான். ஸ்டுடியோவின் படங்களுக்கு அவர்கள்தான் கணினியில் கப்பலும் கிரகமும் செய்து கொடுப்பவர்கள். அங்கே அவனுக்குக் கிடைத்தது புகைப் பிரிவு. கப்பல் வெடிக்கும்போது வருகிற தீ, தீக்குப் பின்னால் வருகிற புகை, அது அடங்கி மிதக்கிற சாம்பல். அதில் அவன் கெட்டிக்காரன் என்று நாலு பேர் சொல்லக் கேட்டிருக்கிறாள். "நான் உருப்படியா வச்சிருக்கிறதை எல்லாம் ஊதிக் கெடுக்கிறவன்" என்பாள் அவனை அறிமுகப்படுத்தும்போது. அவனும் சிரிப்பான். அக்கா, தம்பி, தம்பி மனைவி மூன்று பேரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். அவள் கீழே, அவர்கள் மாடியில். என்றைக்காவது ஒரு கப்பலை முழுதாகச் செய்து, அதற்கு அக்கா வாயால் ஒரு "சரி" வாங்கிவிட வேண்டும் என்பதைத் தவிர அவனுக்கு வேறு பெரிய ஆசை இருந்ததாகத் தெரியவில்லை. முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்த ஆசை. அவளுக்குத்தான் படிக்க நேரமில்லை.

ஏழாவது படத்துக்குப் புது டைரக்டர் வந்தார். ஷாம்பு விளம்பரங்கள் எடுத்துப் பெயர் வாங்கியவர். வாயைத் திறந்தால் "என் விஷன்", மூடினால் "என் விஷன்" என்றதால் வந்த வாரமே அவருக்கு விஷன் சார் என்று பெயர் நிலைத்துவிட்டது. இருட்டு அறையிலும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்ற மாட்டார். எதையுமே பார்க்காத மனிதருக்கு விஷன் எங்கிருந்து வருகிறது என்று அவள் கேட்டது யார் காதிலும் விழவில்லை, அல்லது விழாத மாதிரி இருந்துகொண்டார்கள்.

முதல் கூட்டத்திலேயே அவர் எழுந்து நின்றார். "நான் பழைய படம் ஒண்ணுகூட பாக்கல. பாத்தா என் விஷன் கெட்டுடும்."

முதலாளி பெரிதாகத் தலையாட்டினார். ஆறு படத்துக்கும் பணம் போட்டவர் அவர். அவரும் ஒன்றையும் முழுதாகப் பார்த்ததில்லை என்பது ஊரறிந்த விஷயம். தன்னைப் போலவே ஒருவர் கிடைத்துவிட்ட சந்தோஷம் அவர் முகத்தில் வழிந்தது.

"இதுவரைக்கும் கூட்டத்துக்குத் தலைமைக் கப்பல் எது?" என்றார் விஷன் சார்.

"மூத்தவ" என்றாள் ஸ்கேல் அக்கா. முதல் படத்திலிருந்து வருகிற கப்பல். ஸ்டுடியோ முழுக்க அதற்கு அப்படித்தான் பெயர்.

"இந்தப் படத்துல மகாராணின்னு ஒரு கப்பல். மூத்தவளை விட பத்து மடங்கு பெருசு. திரையில வந்ததும் பாக்கிறவன் சீட்டுல அப்படியே பின்னால சாயணும்."

"அப்போ ஜன்னலை எல்லாம் புதுசா..." என்று அவள் ஆரம்பித்தாள்.

"மேடம்" என்று சிரித்தார் விஷன் சார். "ஜனங்க காசு குடுத்து ஜன்னல் எண்ணவா வராங்க?"

அறை முழுக்கச் சிரித்தது. முதலாளி சிரித்தார், அவர் சிரித்ததால் கணக்குப் பிள்ளை சிரித்தார், போன படத்தில் அவள் தயவால் மானம் தப்பித்த ஒலிப்பதிவுக்காரரும் சிரித்தார். அவள் ஒவ்வொரு பல்லாகப் பார்த்து வைத்துக்கொண்டாள். அந்த வாரமே உத்தரவு வந்தது: இனி ஒழுங்குப் பிரிவின் கருத்து தகவலுக்கு மட்டும், கேட்டே ஆக வேண்டும் என்கிற கட்டாயம் இல்லை. அதாவது ஒப்புக்குச் சப்பாணி. பொதுப் பெட்டிக்குப் படம் வருவது நின்றுபோயிற்று. அவளிடம் நடுங்கிக்கொண்டு நின்றவர்கள் எல்லாம் இப்போது அவள் அறை வாசலில் விசில் அடித்துக்கொண்டு போனார்கள். கண்ணாடி அலமாரியைத் துடைப்பதைத் தவிர அவளுக்குச் செய்ய ஒன்றும் இல்லை.

விஷன் சார் விழட்டும் என்று முடிவு செய்தாள். அத்தனை பேருக்கு முன்னால் குப்புற விழுந்து மண்ணைக் கவ்வட்டும். அப்புறம் வந்து என் கதவைத் தட்டட்டும். உறங்கும்போதும் விழிக்கும்போதும் அதே நினைப்பு. இருபது வருஷ வேலையை ஒரு சிரிப்பில் கழுவிவிட்டவர்களை அவள் சும்மா விடுவதாக இல்லை.

வீட்டில் அப்போது சில மாற்றங்கள் நடந்தன. தம்பி காலையில் சீக்கிரம் கிளம்பினான், பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை கீழே இறங்கி வந்து, அவள் அயர்ன் பண்ணிக்கொண்டிருந்த மேஜைக்குப் பக்கத்தில் நின்றான்.

"அக்கா, மூத்தவ முதுகுல ஒரு மடிப்பு இருக்கே, அது எதுக்குக்கா?"

"ஏன், அதுல புகை போடணுமா?"

"இல்லக்கா. சும்மா தெரிஞ்சுக்கலாம்னு."

"தெரிஞ்சு என்ன பண்ணப் போற? எப்படியும் கடைசியில ஊதித்தானே தள்ளப் போற?"

அவன் சிரித்தான். பின்னால் வந்து நின்ற அவன் மனைவிக்குப் பொறுக்கவில்லை. "அண்ணி, இவருக்கு இப்போ..." என்று ஆரம்பித்தவளை அவன் கண்ணால் அடக்கினான். ஸ்கேல் அக்கா அதைப் பார்த்தாள். புருஷன் பெண்டாட்டிக்குள் ஏதோ, நமக்கென்ன என்று காலரை மடித்து அழுத்தினாள். யார் சட்டையில் எங்கே சுருக்கம் என்று தெரிகிற கண்ணுக்கு இது தெரியவில்லை.

ஒருநாள் மதியம், தூசி படிந்து கிடந்த பொதுப் பெட்டியில் ஒரு படம் வந்து விழுந்தது. மகாராணி.

திறந்ததும் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கப்பல் அழகு. வேண்டா வெறுப்பாகத்தான் ஒப்புக்கொண்டாள், ஆனாலும் அழகு. மூத்தவளின் முதுகு மடிப்பு அப்படியே இறங்கி வந்து வாலில் முடிந்திருந்தது. மூன்று இயந்திரம், நடுவில் இருப்பது தாழ்ந்து. அடிவயிற்றில் கதவு. மூத்தவளை மனப்பாடமாகத் தெரிந்த எவனோ செய்தது. இந்தக் கூட்டத்தில் அப்படி ஒருவன் இருக்கிறானா என்று ஒரு கணம் அவளுக்கு ஆச்சரியமாகக்கூட இருந்தது.

பிறகு ஜன்னலைப் பார்த்தாள்.

மூத்தவளுக்கு இருக்கிற அதே எண்ணிக்கை, அதே வரிசை. பலூனில் எழுதிய எழுத்து ஊத ஊதப் பெரிதாவது போல, யாரோ மொத்தக் கப்பலையும் பத்து மடங்குக்கு இழுத்துவிட்டிருந்தார்கள்; ஜன்னலும் கூடவே இழுபட்டிருந்தது. இந்த ஜன்னலில் நின்று எட்டிப் பார்க்கிறவன் ஐந்து மாடி உயரம் இருக்க வேண்டும். திரையில் இது பெரிய கப்பலாகத் தெரியவே தெரியாது. கேமராவுக்குக் கிட்டே வந்து நிற்கிற மூத்தவள் மாதிரி தெரியும், அவ்வளவுதான். இழுத்த ஜன்னலை அழித்து, சின்னச் சின்னதாக வெட்டி நிரப்பினால் சரியாகிவிடும். பெரிய வேலை அல்ல.

விரல் "திருத்து" என்று அடிக்கப் போனது. பழக்கம். பாதியில் நின்றது.

யாருமே படம் அனுப்பாத காலத்தில் ஒருவன் அனுப்புகிறான் என்றால் என்ன அர்த்தம்? நக்கல். விஷன் சாரின் அடிப்பொடி எவனாவது இருக்கும். கிழவி வழக்கம் போல ஜன்னலுக்காக "திருத்து" என்று எழுதுவாள், கூட்டத்தில் படித்துக் காட்டிச் சிரிக்கலாம் என்று அனுப்பியிருப்பான். அந்த அறையின் சிரிப்பு மறுபடி காதில் கேட்டது. அவள் நாற்காலியில் சாய்ந்து யோசித்தாள். பிறகு, வாழ்க்கையில் எழுதாத ஒரு வார்த்தையை எழுதினாள்.

"பிரமாதம். ஒரு ஜன்னலைக்கூடத் தொட வேண்டாம்."

அனுப்பிவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். டீ வரவழைத்துக் குடித்தாள். முட்டாளுக்கு அவன் கேட்பதையே கொடுப்பதைப் போல வசதியான பழிவாங்கல் வேறு கிடையாது என்று அவளுக்குப் பட்டது. கையெழுத்து வேண்டாம், பொறுப்பு வேண்டாம், தகவலுக்கு மட்டும்தானே.

அன்று சாயங்காலம் தம்பி ஒரு கேக் பெட்டியோடு வந்தான். வாசலிலேயே செருப்பை ஒன்று அங்கும் ஒன்று இங்குமாக விட்டெறிந்துவிட்டு நேராக அவள் அறைக்கு வந்தான். கண் கலங்கியிருந்தது. முகம் முழுக்கச் சிரிப்பு.

"ஆபீஸ்ல ஒரு நல்ல விஷயம்க்கா."

"என்ன, புகை நல்லா வந்துச்சா?" என்றாள், செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல்.

"ஆமாக்கா" என்றான். "ரொம்ப நல்லா வந்துச்சு." கேக் பெட்டியை அவள் பக்கத்தில் வைத்தான். "தேங்க்ஸ்க்கா."

"எதுக்குடா?"

"சும்மாதான். டிரெய்லர் வரட்டும், சொல்றேன்."

பைத்தியம் என்று நினைத்துக்கொண்டு ஒரு துண்டு கேக்கை எடுத்து வாயில் போட்டாள். இனிப்பு ஜாஸ்தி என்று மட்டும் சொன்னாள்.

டிரெய்லர் ஒரு வெள்ளிக்கிழமை வெளியானது. மதியத்துக்குள் ஊரே சிரித்தது. மகாராணியின் ஜன்னலில் ஐந்து மாடி உயரத்துக்கு ஒருவன் பல் தேய்க்கிற மாதிரி யாரோ படம் போட்டுவிட்டார்கள். இன்னொருவன் அதே ஜன்னலில் ஒரு ராட்சசனைத் துணி காயப்போட வைத்தான். "மூத்தவளையே கொஞ்சம் கிட்ட போய் எடுத்துட்டு பத்து மடங்குன்னு விக்கிறாங்க" என்று பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட எழுதினார்கள். முதலாளி எல்லோரையும் ஸ்டுடியோவின் சின்னத் தியேட்டருக்கு வரச் சொன்னார். ஸ்கேல் அக்கா நல்ல சேலையாக எடுத்துக் கட்டிக்கொண்டு போய் நடு வரிசையில் உட்கார்ந்தாள்.

திரையில் இரண்டு கப்பலும் பக்கம் பக்கமாக வந்தன. மகாராணி பெரிதாகத் தெரியவில்லை. மூத்தவள்தான் பொம்மையாகத் தெரிந்தாள். யாரும் சீட்டில் பின்னால் சாயவில்லை.

"பத்து மடங்குன்னீங்களே?" என்றார் முதலாளி.

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். இதோ, இப்போது விழப் போகிறான்.

விஷன் சார் கறுப்புக் கண்ணாடியை முதல் தடவையாகக் கழற்றினார். கண்ணில் தண்ணீர் இருந்தது. ஷாம்பு விளம்பரக்காரருக்கு அதெல்லாம் கைவந்த கலை. "தப்பு என்னோடதுதான் சார். என் விஷன்ல இது இப்படி இல்ல. கிராபிக்ஸ் கம்பெனியில ஒரு புகைக்காரன் இருந்தான். அவன் புகையில ஒரு ஃபீலிங் இருந்துச்சு. பழைய கப்பல் ஆளுங்களை எடுத்துட்டு அவனை நம்பிக் குடுத்தேன். கலைஞனை நம்புறதுதான் சார் என் பலவீனம்."

விழவில்லை. இப்படிப்பட்டவர்கள் விழுவதில்லை, கீழே வேறு யாரையாவது போட்டு மேலே நின்றுகொள்கிறார்கள். ஆனால் அவள் அதை நினைக்கவில்லை. புகைக்காரன் என்ற சொல்லைத் தாண்டி அவள் காதில் எதுவும் ஏறவில்லை.

"அந்த ஆளை இன்னிக்கே அனுப்பிடச் சொல்லியாச்சு" என்றார் முதலாளி. பிறகு அவள் பக்கம் திரும்பினார். அறையே திரும்பியது. "அக்கா, உங்களைக் கேட்டிருக்கணும். இனிமே உங்க கையெழுத்து இல்லாம இந்த ஸ்டுடியோவுல ஒரு ஆணி நகராது."

ஒலிப்பதிவுக்காரர் முதல் ஆளாகக் கைதட்டினார். உறங்கும்போதும் விழிக்கும்போதும் அவள் கேட்ட கைதட்டல். நன்றி என்று சொன்னாளா இல்லையா என்றுகூட அவளுக்கு நினைவில்லை. எழுந்து வெளியே வந்து வீட்டைப் பார்த்து நடந்தாள்.

மாடிப்படியில் ஓர் அட்டைப்பெட்டி இருந்தது. அதில் தம்பியின் ஆபீஸ் கோப்பை, சார்ஜர், ஒரு ஸ்வெட்டர். அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அவன் மனைவி படியின் மேலே சுவரில் சாய்ந்து நின்றாள். அழுது முடித்த முகம்.

"நீயாடா செஞ்ச?" என்றாள் ஸ்கேல் அக்கா. "ஏண்டா என்கிட்ட சொல்லல?"

"பேர் தெரியாம நீ 'சரி'ன்னு சொல்லணும்னு இருந்தேன்க்கா. தம்பின்னு தெரிஞ்சு சொன்னா அது கணக்கில்லையே. நீ வச்ச வழக்கம்தானே?" அவன் தரையைப் பார்த்துப் பேசினான். "விஷன் சார் கடைசி நேரத்துல பத்து மடங்குன்னார். மொத்தமா இழுத்தேன். ஜன்னலும் சேந்து இழுத்துக்கிச்சு. எனக்கே இடிச்சுதுக்கா. ஆபீஸ்ல ரெண்டு பிள்ளைங்களை உக்கார வச்சு சின்னதா வெட்ட ஆரம்பிச்சு, பாதி முடிச்சிட்டோம். பாதியில இருக்கிறதை எப்படி அனுப்புறது, முடியிற வரைக்கும் பொறுக்கவும் முடியல, இழுத்ததையே அனுப்புவோம், எப்படியும் 'திருத்து'ன்னுதான் வரும்னு அனுப்பினேன். நீ ஒரு ஜன்னலைக்கூடத் தொட வேண்டாம்னுட்ட. அதான் நிறுத்தச் சொல்லிட்டேன். அக்காவுக்குத் தெரியாததா?"

 அவள் கீழ்ப்படியில் உட்கார்ந்தாள்.

"அண்ணி, பெட்டியில வந்த உங்க பதிலைக் காட்டியிருந்தா இவர் தப்பிச்சிருப்பாரு" என்றாள் தம்பி மனைவி. "ஒழுங்குப் பிரிவே நல்லா இருக்குன்னு சொன்னதுக்கப்புறம் இவரை யாரு கேக்க முடியும்? நானும் எவ்வளவோ சொன்னேன்."

"நீ சும்மா இரு" என்றான் அவன். அக்காவைப் பார்த்தான். இப்போதுதான் முதல் தடவையாக நேராகப் பார்த்தான். "பெட்டியில இருந்து படம், உன் பதில் ரெண்டையும் அழிச்சிட்டேன்க்கா. யாருக்கும் காட்டலன்னு சொல்லிட்டேன். உன் பேரு வராது, பயப்படாத."

"ஏண்டா அப்படிப் பண்ண?"

 அவன் மிகவும் மெதுவாக, குழந்தையிடம் சொல்கிற மாதிரி சொன்னான். "உனக்குக் கண்ணு சரியில்லக்கா. எனக்கு முன்னாடியே தோணியிருக்கணும். கண்ணு நல்லா இருந்தா நீ அந்த ஜன்னலை விட்டிருப்பியா? கேக் வாங்கிட்டு வந்தேனே, அன்னிக்கு என் முகத்தைப் பாத்தாலே தெரிஞ்சிருக்கும். உனக்குத் தெரியல. எதுக்குடா தேங்க்ஸ்னு கேட்ட. அவனுங்களுக்குத் தெரிஞ்சா உன்னை என்ன பேச்சு பேசுவானுங்க? உனக்கு அந்தக் கண்ணு ஒண்ணுதானே இருக்கு. எனக்குப் புகை இருக்கு, எங்கயாவது ஊதிக்கிறேன்."

கண் நல்லாத்தான்டா இருக்கு என்று சொல்ல வாயைத் திறந்தாள். சொன்னால் அடுத்த வார்த்தை என்னவாக இருக்கும் என்று தெரிந்ததும் மூடிக்கொண்டாள். பார்த்தேன், தெரிந்தது, தெரிந்துதான் எழுதினேன். அக்கா பொய் எழுதியிருப்பாள் என்பது இவன் புத்திக்கு எட்டவே இல்லை. குருடியாகியிருப்பாள் என்று நம்பத் தயார், கெட்டவளாகியிருப்பாள் என்று நம்பத் தயாராக இல்லை. இத்தனை காலம் எத்தனையோ பேரிடம் எத்தனையோ கோணலைப் பார்த்திருக்கிறாள். இத்தனை அசிங்கமான கோணலை அவள் எவரிடமும் பார்த்ததில்லை.

"நாளைக்குக் கண்ணாடிக் கடைக்குப் போலாமா?" என்றான் அவன். "நான் வேலைக்குப் போக வேண்டியதில்ல, கூட வரேன்."

"சரி" என்றாள்.

அந்த வார்த்தையைக் கேட்டதும் பழக்கதோஷத்தில் அவன் முகம் ஒரு நொடி மலர்ந்தது. அவளுக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

கண்ணாடிக் கடையில் அவளை உயர நாற்காலியில் உட்கார வைத்து, மூக்கில் கனமான ஒரு சட்டத்தை மாட்டினார்கள். எதிர்ச் சுவரில் எழுத்துப் பலகை. மேலிருந்து கீழே சிறுத்துக்கொண்டே போகிற வரிசைகள். கடைசி வரிசை அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. அதற்குக் கீழே ஓரத்தில், பலகையை அச்சடித்த அச்சகத்தின் பெயர் எறும்பு அளவில் இருந்ததே, அதுவும் தெரிந்தது. அதில் ஓர் எழுத்து லேசாகச் சாய்ந்திருந்ததும் தெரிந்தது. பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் தம்பி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"கடைசி வரி படிங்க" என்றார் கடைக்காரர்.

அவள் முடியாது என்று தலையை ஆட்டினாள்.

"அதுக்கு மேல உள்ளது?"

"தெரியல."

"அதுக்கும் மேல?"

"தெரியலங்க."

பின்னால் தம்பி பெருமூச்சு விட்டது கேட்டது. அது நிம்மதிப் பெருமூச்சு. அவன் நினைத்தது சரியாகிவிட்டது. கடைக்காரருக்கு இதில் ஆராய்ச்சி ஒன்றும் இல்லை, விற்றால் போதும். ஒவ்வொரு கண்ணாடியாக மாற்றிப் போட்டார். ஒவ்வொன்றும் முன்னதை விட மோசமாக இருந்தது. எழுத்துகள் ஊறிப் பெருத்துக் கலங்கின.

"இப்போ?"

"இப்போ நல்லா தெரியுது" என்றாள்.

எழுந்து திரும்பினாள். தம்பி எதிரே வந்து நின்று, குனிந்து, அவள் கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்தான். "என்னைத் தெரியுதாக்கா?" என்றான் சிரித்துக்கொண்டு. சிரிப்பதாகத்தான் இருக்க வேண்டும், குரல் அப்படி இருந்தது. முகம் இருந்த இடத்தில் புகை மாதிரி ஏதோ அசைந்தது.

"தெரியுதுடா" என்றாள். "பிரமாதமா தெரியுது."